லெக் பீஸுக்கு ஆசப்பட்டா கேம் ஓவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கெழம இணைப்புல நீங்க போடுற வீடியோ கேம் விமர்சனத்த ஒரு வாரம் கூட விடாம படிக்கிறவன் நான், ஆனா ஒரு மனத்தாங்கல் சார், எப்ப பாத்தாலும் நாலாயிரம் ரூபா கேமு, அத ஓட்டணும்னா தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு, அந்த கார்டு காசுல எங்க சத்துவாச்சாரில ஒரு பொட்டிக்கடைக்கு அட்வான்ஸே குடுத்துடலாம். சின்ன கேம பத்தி வாயே தொறக்க மாட்டேன்றீங்க. சரி, நானே எழுதுறேன்.

சிக்கன் இன்வேடர்ஸ் 2. 2002ல கிரீஸ் நாட்டு இன்டர்ஆக்‌ஷன் ஸ்டுடியோஸ் விட்டது. நான் காட்பாடி ஜங்ஷன் பக்கம் பிரவுசிங் சென்டர் வச்சிருந்தப்ப எல்லா சிஸ்டத்துலயும் இது இருக்கும், ரயில் லேட்டுன்னு வர்ற பசங்க அரமணி நேரத்துக்கு காசு குடுத்துட்டு கோழி சுட உக்காந்தா அப்புறம் ரயிலு வந்து போனதே தெரியாம சுட்டுக்கினு இருப்பானுங்க.

கோழிங்க மேல வரிசகட்டி நின்னு முட்ட போடும், நம்ம கப்பல் கீழ, முட்ட மேல பட்டா ஒரு உயிர் காலி. 1978ல ஜப்பான் டைட்டோ கம்பெனி விட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ கிண்டல் பண்ணது தான் இது. ஆனா அதுல வரிசகட்டி வர்ற வேத்துக்கெரக ஆளுங்க கொறைய கொறைய மிச்சம் இருக்கிறவன் வேகமா வருவான் (அந்த காலத்து மெஷினுக்கு வரையிற வேல கொறஞ்சதால தானா ஏறுன வேகம் அது), அங்க நம்மள கொல்றது பயம். இங்க கொல்றது ஆச. கோழி செத்தா லெக் பீஸா கீழ விழும், அத பொறுக்கி சேத்தா மிசைல் கெடைக்கும், விழுற எடமோ சரியா நாலு முட்ட வர்ற எடமா இருக்கும். நாம ஆம்பூர் பிரியாணிய பக்கத்துல வச்சிக்கினு வளந்த ஆளுங்க, லெக் பீஸ் விழறத பாத்துக்கினு கை சும்மா இருக்குமா? போன வாரம் அக்கா பையன் கடசி உயிர வச்சிக்கினு இடது ஓரத்துல கெடந்த ஒரு பீஸுக்கு போனான், நான் "வேணாம்டா வேணாம்டா"ன்றேன், "ஒண்ணே ஒண்ணு மாமா"ன்னான், டப்புனு முட்ட. அந்த ஒண்ண அவன் தின்னவும் இல்ல.

கொறையும் சொல்லணும். புளூட்டோல ஆரம்பிச்சு சூரியன் வரிக்கும் 110 அலை (ஒரு கூட்டத்த முடிச்சா அடுத்த கூட்டம், அது தான் அலை), சனி கிரகம் தாண்டுறதுக்குள்ளவே "இத ஏற்கனவே பாத்தமே"ன்னு தோணிடும், கல்லு மழை வர்ற அலையெல்லாம் சுத்த இழுவை. பெரிய கோழிங்கள சாவடிக்க விரலு ஒடியிற வரிக்கும் கிளிக் பண்ணணும், என் சென்டர்ல மௌஸ் இடது பட்டன் போனதுக்கு பாதி காரணம் இந்த கோழிங்க தான். செத்தா சேத்து வச்ச துப்பாக்கி பவரும் எறங்கிடும், அப்புறம் தோத்தவன் இன்னும் தோப்பான். ரெண்டு பேரா ஆடலாம், அது பெரிய ப்ளஸ்ஸு, ஆனா ஒருத்தனுக்கு மௌஸும் இன்னொருத்தனுக்கு கீபோர்டும்னா கீபோர்டுகாரன் பாவம். கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, நான் அத கொறையா சொல்ல மாட்டேன், கோழிக்கு எதுக்கு கதை.

இன்னொரு விஷயம், சொல்ல வெக்கமா தான் இருக்கு. அந்த காலத்துல என் சென்டர்ல ஓடுனது எல்லாம் ரோட்டோரம் வாங்குன காப்பி சிடி, சிடியோட வைரசும் ஃப்ரீ. செஞ்சவனுக்கு என்கிட்டேர்ந்து ஒரு பைசா போகல. போன தீபாவளிக்கு தான் அக்கா பையன் ஸ்டீம்ல (நெட்ல கேம் விக்கிற கடை) காசு கட்டி வாங்குனான், நான் தான் குடுத்தேன். எங்க வீட்ல இருக்கிறது 2011ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச திட்டத்துல அக்கா பெரிய பொண்ணுக்கு குடுத்த இலவச லேப்டாப்பு, பேட்டரி செத்து கரண்டு வயர்லயே தான் உயிர் வாழுது, அதுலயும் திக்காம ஓடுது சார்.

அதனால கேக்குறது இவ்ளோ தான், அந்த பக்கத்துல ஒரு ஓரமா, பழைய சிஸ்டத்துல ஓடுற ஐநூறு ரூபாய்க்கு உள்ள இருக்கிற கேம் ஒண்ணு, வாரத்துக்கு நாலு வரி போடுங்க. நல்லதும் போடுங்க, மொக்கன்னா மொக்கன்னும் போடுங்க.

இப்படிக்கு,
பழைய பிரவுசிங் சென்டர்காரன்,
சத்துவாச்சாரி, வேலூர்.