பழைய கோடியாக் வில்லுக்குத் தவறான நாண் அனுப்பியது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான். இதையாவது ஒரு மனிதர் படித்தால் நல்லது.

நான் கேட்டது டேக்ரான் பி-50 நாண், அதாவது கொஞ்சம் நீண்டு கொடுத்து அடியைத் தணிக்கும் பாலியஸ்டர் இழை. வில், மிச்சிகன் கிரேலிங்கில் செய்த 52 அங்குல 'பேர்' (Bear) கம்பெனி கோடியாக் மேக்னம், 45 பவுண்டு, 60களின் சரக்கு. எல்லாம் ஆர்டரிலேயே இருக்கிறது. வந்ததோ நீளவே நீளாத புது ரக இழை. மெல்லிசாக இருக்கிறதே என்று தோன்றியது, ஆனால் உறையில் 'டேக்ரான்' என்று ஒட்டியிருந்ததை நம்பினேன். அந்தக் கால வில்லின் நுனி இந்த இழையின் அடியைத் தாங்காது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பழைய வில்லை நம்பித்தானே கடையே நடத்துகிறீர்கள்! பன்னிரண்டாவது அம்பில் 'டிக்' என்று ஒரு சத்தம். மேல் நுனியில், நாண் மாட்டும் காடியிலிருந்து ஒரு விரற்கடை நீளத்துக்கு ஃபைபர்கிளாஸ் பிளந்து நிற்கிறது.

போனில் பேசியவர், "படத்தில் 'கனடா 1953' என்று போட்டிருக்கிறதே, எழுபது வருஷத்துப் பொருள் உடையத்தான் செய்யும், சுவரில் மாட்டி வையுங்கள்" என்றார். சிரித்தார் வேறு. ஐயா, அது காப்புரிமைக் குறிப்பு. வில் செய்த ஆண்டு அல்ல. உங்கள் ஆளுக்கே இது தெரியாதா?

நேரில் வரச் சொன்னதும் நீங்கள்தான். 2 மணி நேரம் ஓட்டி வந்தால், பார்ப்பவர் லீவாம். கவுண்டரில் இருந்த பையன் ஸ்ட்ரிங்கர்கூட (வில்லை முறுக்காமல் வளைத்து நாண் பூட்ட உதவும் கயிறு) எடுக்காமல், வில்லுக்குள் காலை விட்டு வளைத்து நாண் பூட்டப் போனான். நல்ல வில்லே அதில் முறுக்கிக்கொள்ளும். இது பிளந்த வில்! கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அக்டோபர் 1 அன்று வில் வேட்டை தொடங்கிவிட்டது. இந்த ஆண்டு மானும் போச்சு, சீசனும் போச்சு. (இன்னொரு வில் இருக்கிறது. அந்த 64 அங்குல வில்லை, மானுக்காக ஒளிந்திருக்கும் குறுகலான மறைப்புக்குள் உட்கார்ந்து இழுத்துப் பாருங்கள், தெரியும்.)

நாணின் விலையைத் திருப்பித் தருகிறோம் என்பதெல்லாம் பேச்சல்ல. அந்த வில்லுக்கு விலையே கிடையாது, ஆனாலும் 600 டாலர் கேட்கிறேன். தயவுசெய்து 10 நாளுக்குள் முடித்துக் கொடுங்கள். இல்லையென்றால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும், அப்புறம் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கும் போவேன்.

வில்லைப் பார்க்க வேண்டுமென்றால் அனுப்புகிறேன், செலவு உங்களுடையது. அந்தப் பையன் மட்டும் அதைத் தொடக் கூடாது.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளர்