வைகாசியில் பார்த்தால் எல்லாமே தரிசுதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சோலார் மின்சாரம் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படம் பிரமாதம். ஆனால் கமுதி வட்டாரத்தைப் பற்றி எழுதும்போது 'பயனற்றுக் கிடந்த நிலம்' என்று ஒரு வார்த்தை வந்தது பாருங்கள், அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. மிச்சத்தை என் வீட்டுக்காரிதான் வாசித்துச் சொன்னாள்.

உங்கள் நிருபர் எந்த மாதம் வந்தார்? வைகாசியில் வந்திருப்பார். வைகாசியில் எங்கள் கரிசல் வெடித்துக் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும், எனக்கே பார்க்கப் பிடிக்காது. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, தையில் உளுந்தும் குதிரைவாலியும் வீடு வந்து, மாசியிலிருந்து மிளகாய்ப் பழம் பறிப்போம். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமையாகச் செய்தி போட்டீர்களே, அது என்ன கண்மாய்க்குள்ளா விளைகிறது? இந்தப் பயனற்ற நிலத்தில்தான். அறுப்பு முடிந்த பிறகும் நிலம் சும்மா கிடப்பதில்லை, ஆட்டு மந்தை வைத்திருக்கும் கிடைக்காரரிடம் போய் 'ரெண்டு ராத்திரி நம்ம காட்டுல அமர்த்துங்கண்ணே' என்று கெஞ்சி, எருவுக்காக ஆட்டுக்கிடை போடுகிறோம்.

நான் சோலாருக்கு எதிரி இல்லை. மதுரையில் என் மகன் மொட்டை மாடியில் 3 கிலோவாட் போட்டிருக்கிறான், 78,000 ரூபாய் மானியமும் வந்தது, கரண்ட் பில் குறைந்துவிட்டது என்று வாரா வாரம் போனில் சொல்கிறான். சந்தா கட்ட உங்கள் மதுரை அலுவலகத்துக்கு வந்தபோது மாடி ஏறிப் பார்த்தேன். ஒரு கால் உடைந்த நாற்காலியும் இரண்டு காலி பெயிண்ட் டப்பாவும் இருந்தன. அதையும் பயனற்ற நிலம் என்று ஒரு வரி எழுதலாமே.

2016-இல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2,500 ஏக்கரில் வந்த கதை உலகத்துக்கே தெரியும். நான் சொல்ல வந்தது அதை அல்ல. அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஓரத்தில் வந்த வேறொரு சின்னப் 'பண்ணை'யை. பேரைப் பாருங்கள், பண்ணையாம்! கம்பெனிக்காரர் யாரும் நேரில் வரவில்லை, புரோக்கர்தான் பவர் பத்திரத்தோடு வந்தார். மழை பொய்த்த இரண்டு பசலி வருஷத்துக்கு, வி.ஏ.ஓ. எழுதும் பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு என்று ஏறியிருந்தது, அதை நீட்டித்தான் விலையைக் குறைத்தார். 'காகிதத்துலயே தரிசுன்னுதானே இருக்கு பெரியவரே.' நான் விற்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் விற்றார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மகள் கல்யாணத்துக்கு யார் பணம் தருவது, நீங்களா?

அப்புறம் வேலி வந்தது. என் 3 ஏக்கர் 20 செண்டுக்குப் போகும் வண்டிப்பாதை வேலிக்கு உள்ளே போய்விட்டது. கண்மாய்க்குப் போகிற வரத்துக்காலின் குறுக்கே கிராவல் அடித்து ரோடு போட்டார்கள், கீழே ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. அந்தக் கார்த்திகையில் தண்ணீர் மூன்று நாள் என் மிளகாய்க் காட்டில் நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகக் கையோடு உருவிக்கொண்டு வந்தது. ஒன்றரை ஏக்கரில் நாலு குவிண்டால் வற்றல் எடுக்கிறவன் அந்த வருஷம் எடுத்தது குழம்புக்கு. மனு கொடுத்தேன், ரசீது பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி உங்களுக்கும் எழுதினேன். நாலு வரியாகச் சுருக்கி, 'வாகனப் போக்குவரத்துக்கு இடையூறு' என்று தலைப்புப் போட்டீர்கள். என் மாட்டு வண்டி வாகனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சூரிய மின் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தனியார் நேராகக் கிரயம் பண்ணினால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பதும் இல்லை. ஆக, நிலம் விளைகிறதா இல்லையா என்று எங்கேயும் யாரும் கேட்கப் போவதில்லை. கடைசியில் மிஞ்சுவது அடங்கலில் இருக்கும் ஒரு சொல்லும் உங்கள் பேப்பரில் வரும் ஒரு சொல்லும்தான். அதனால்தான் இவ்வளவு கோபம். மிளகாய் பறிக்கப் போன பெண்கள் இப்போது திருப்பூர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், அதுவும் 'வேலைவாய்ப்பு' என்ற பெட்டிச் செய்தியில் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'பயனற்ற' என்பதற்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். நிருபரைத் தை மாதம் அனுப்புங்கள், வண்டிப்பாதை இல்லாததால் வரப்பில் நடக்க வேண்டியிருக்கும், செருப்பு நல்லதாகப் போட்டு வரச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்குவதாக இருந்தால் மாடிக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், வரத்துக்காலை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வருடச் சந்தாதாரர்,
கமுதி வட்டம்
(பெயர் வேண்டாம், பக்கத்து நிலத்தில் இன்னும் அவர்கள்தான் இருக்கிறார்கள்)