மேல்வீட்டுக் கழிவறை நீர் எங்கள் அடுப்பின் மேல் சொட்டுவதை நிறுத்தித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
மூவறை வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம்
(பெயர், புளோக் எண், வீட்டு எண் ஆகியவை இணைப்புத் தாளில்)

பெறுநர்:
உயர்திரு கிளை அதிகாரி அவர்கள்,
நமது பேட்டை வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கிளை அலுவலகம்,
சிங்கப்பூர்.

பொருள்: உட்கூரைக் கசிவு தொடர்பாக முன்பு கொடுத்த புகார்களுக்குப் பதில் வராதது, வாடகைக்காரரின் புகாரையே ஏற்று ஆய்வுக்கு ஆள் அனுப்பும்படி வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நமது குடியிருப்புப் பேட்டை தங்களுக்குப் புதிதல்ல. ஈரச்சந்தைக்குப் பின்னால், பலமாடிக் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய புளோக்குகளில் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். வெளியே புது வர்ணம் அடித்திருக்கிறார்கள். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் வீட்டு இழவு. இரண்டுக்கும் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டுப் போகிறார்கள். எங்கள் தாழ்வாரத்தில் சீனர், மலாய்க்காரர், பிலிப்பீன்ஸ் பெண்கள், நாங்கள் என்று நான்கு வகைக் குடும்பங்கள். இந்த இடம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அக்கம்பக்கத்தார் மேல் சொல்லும் புகார் அல்ல.

இதே விஷயமாகச் செயலி வழியாகப் புகார் கொடுத்தேன். மின்னஞ்சல் எழுதினேன். தங்கள் அலுவலகத்தில் எண் எடுத்துக் காத்திருந்தும் பேசினேன். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் வரிசையில் நின்று கடிதமும் எழுதி வாங்கினேன். செயலியில் என் புகார் 'முடிக்கப்பட்டது' என்று காட்டுகிறது. யார் வந்து எதை முடித்தார்கள் என்று தெரியவில்லை. முன்பு எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். இந்த முறை எனக்கு முழுதாகச் சொல்ல வரும் மொழியில் எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கும்படி வேண்டுகிறேன்.

1. எங்கள் வீட்டில் குளியலறைக் கதவு சமையலறைக்குள் திறக்கும். இந்தப் பழைய மூவறை வீடுகளின் அமைப்பு தங்களுக்குத் தெரியும். குளிக்கும் இடமும் கழிவறையும் ஒன்றுதான். மேல்வீட்டிலும் அப்படியே. அங்கே தரை ஓடுகளுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு நாள்பட்டுப் போய்விட்டது என்று பார்க்க வந்த குழாய்க்காரர் சொன்னார். தண்ணீர் காங்கிரீட்டுக்குள் இறங்கி, ஓர் ஓரமாக நகர்ந்து, எங்கள் அடுப்புக்கு நேர் மேலே உள்ள விரிசலில் வெளியே வருகிறது.

மேல்வீட்டுப் பெரியவர் விடியற்காலை நாலரை மணிக்குக் குளிப்பார். வயதானவர், அவருடைய வழக்கம் அது. கொஞ்ச நேரத்தில் எங்கள் உட்கூரையில் சொட்டுக் கட்டும். என் மனைவி எனக்குச் சோறு கட்டவும் மகளைப் பள்ளிக்கு அனுப்பவும் ஐந்து மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். நான் துவாஸில் வேலை செய்கிறேன், கம்பெனிப் பேருந்து சீக்கிரம் வந்துவிடும். ஆகவே அவள் முதலில் செய்வது, அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் பிளாஸ்டிக் விரிப்பில் தேங்கிய மஞ்சள் தண்ணீரை வாளியில் சாய்த்துக் கொட்டுவது. அப்புறம் அடுப்பைத் துடைத்து, டெட்டால் போட்டு, மறுபடி துடைத்து, அதன் பிறகுதான் பால் காய்ச்சுவாள். விரிப்பு சூட்டில் இளகிவிடும் என்பதால் சமைக்கும்போது அதைச் சுருட்டி ஒதுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மேலே யாராவது குளியலறைக்குப் போனால் சாம்பாரில் சொட்டு விழும். விழுந்திருக்கிறது. அப்படியே கீழே கொட்டினோம். அரைத்து வைத்த மாவு முழுவதையும் கொட்டிய நாளும் உண்டு. மூடி போட்டுச் சமைக்கலாமே என்று தொலைபேசியில் ஒருவர் யோசனை சொன்னார். ஐயா, தோசையை மூடியே எத்தனை நாள் சுடுவது? தாளிப்பதை எப்படி மூடுவது?

சாமி அலமாரியைச் சமையலறையிலிருந்து ஹாலுக்கு மாற்றிவிட்டோம். இந்தத் தைப்பொங்கலுக்குக் கழிவறைத் தண்ணீர் விழும் அடுப்பில் பானை வைக்க என் மனைவிக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று அழைப்பவர், தன் அடுப்பைத் தேய்த்துக் கழுவி, "உன் பானை, உன் கரண்டி, நான் எதையும் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டார். பொங்கல் அவர் வீட்டில் பொங்கியது. அவர் செய்த உதவியை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டோம். ஆனால் மாதம் தவறாமல் வாடகை கட்டும் வீட்டில் பண்டிகைக்குச் சமைக்க முடியாத நிலைமை யாருக்கு வர வேண்டும்?

2. தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்திருக்கிறது. காங்கிரீட் உப்பி வெடித்துக் குளியலறைக் கூரையிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. அப்போது உள்ளே யாரும் இல்லை. படம் இணைப்பில் உள்ளது. துரு ஏறிய கம்பி இன்றும் வெளியே தெரிகிறது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள் குளிக்கும்போது வாசலில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். சமையலறையை ஒட்டிய அறைச் சுவரில் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. பலதுறை மருந்தக மருத்துவர், ஈரமும் பூஞ்சணமும் இல்லாத அறையில் படுக்க வையுங்கள் என்றார். சரி, ஹாலில் படுக்கிறாள்.

3. யாரிடம் போவது என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை. தங்கள் அலுவலகத்தில் "உரிமையாளர் வழியாக வாருங்கள்" என்கிறார்கள். உரிமையாளர் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார். அவர் முகவரைக் கேட்கச் சொல்கிறார். முகவர் மேல்வீட்டாரைக் கேட்கச் சொல்கிறார். மேல்வீட்டார் தங்கள் அலுவலகம் சொல்லட்டும் என்கிறார்கள். ஒப்பந்தப்படி முதல் 200 வெள்ளி வரை பழுதுச் செலவு எங்களுடையது, அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் 200 வெள்ளியை வைத்து இன்னொருவர் வீட்டுத் தரையை எப்படி உடைப்பது?

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தங்களை அது விசாரிக்கும் என்பது தெரியும். அங்கே போனால் உரிமையாளரிடமிருந்து பணம் கிடைக்கலாம். மேலேயிருந்து வரும் தண்ணீரை அந்த மன்றம் நிறுத்துமா? நிறுத்தக்கூடியவர் தாங்கள்தான். மேல்வீட்டுத் தரையும் கீழ்வீட்டுக் கூரையும் ஒரே காங்கிரீட் பலகை, ஆகவே இரண்டு உரிமையாளர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று விதி சொல்கிறது. நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தில் செலவில் பாதியைப் பொதுப்பணத்திலிருந்தே ஏற்கிறார்கள். மிச்சப் பாதியைத்தான் இரு உரிமையாளர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2015ல் சட்டத்தைத் திருத்தி, ஒத்துழைக்காத வீடுகளுக்குள் இப்படிப்பட்ட கசிவை ஆராயவும் அவசரப் பழுதுகளைச் சரிசெய்யவும் நுழையும் அதிகாரத்தையும் நாடாளுமன்றம் கொடுத்திருக்கிறது. பணத்துக்குத் திட்டம் இருக்கிறது, நுழையச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் போட மட்டும் உரிமையாளர் வேண்டும், அவர் போட மாட்டேன் என்கிறார். சொட்டுவது எங்கள் வீட்டுச் சோற்றில் ஐயா, பெர்த்தில் அல்ல.

4. "பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு பார்த்துப் போங்கள்." இதை முகவர் சொன்னார். தங்கள் அலுவலக முகப்பிலும் ஒருவர் கொஞ்சம் மென்மையாக இதையேதான் சொன்னார். போக முடிந்தால் போயிருக்க மாட்டோமா?

நாங்கள் நிரந்தரவாசிகள், அதுவும் சென்ற ஆண்டுதான் கிடைத்தது. மூன்று ஆண்டு முடியாமல் மறுவிற்பனை வீடு வாங்க முடியாது. அதுவரை வாடகைதான். முழு வீடு வாடகைக்கு எடுக்க 2014லிருந்து குடிமக்கள் அல்லாதவருக்கு விகித வரம்பு இருக்கிறது: பேட்டையில் 8%, புளோக்கில் 11%. மலேசியர்களுக்கு அது கிடையாது, எங்களுக்கு உண்டு. வெளிநாட்டவர் ஓரிடத்தில் குவிந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில் வந்த ஏற்பாடு, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வரம்பு நிறைந்த புளோக்குகளை ஒதுக்கிவிட்டுத்தான் நாங்கள் தேட வேண்டும் என்பதையும் தாங்கள் பார்க்க வேண்டும்.

அந்தத் தடையைத் தாண்டினால் அடுத்த கேள்வி வருகிறது. முகவரை அழைத்தால் வாடகை, நாள் எல்லாம் பேசி முடித்த பிறகு, "நீங்கள் இந்தியரா?" என்று கேட்பார்கள். சிலர், "உரிமையாளர் அதிகம் சமைக்காத குடும்பம் தேடுகிறார்" என்பார்கள். சிலர் வீடு போய்விட்டது என்பார்கள், அதே விளம்பரம் அடுத்த வாரமும் இருக்கும். இந்த வீடு கிடைத்ததே பெரிய காரியம். 0.4% முத்திரைத் தீர்வையும் ஒரு மாத முன்பணமும் கட்டி, சமைப்போம் என்று வாய்விட்டுச் சொல்லி, உரிமையாளரும் சரி என்ற பிறகு வாங்கிய சாவி. சமைக்கலாம் என்று கிடைத்த ஒரே வீட்டில்தான் இப்போது சமைக்க முடியவில்லை.

மேல்வீட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கிளும் ஆன்டியும் நல்லவர்கள். மின்தூக்கியில் என் மகளைப் பார்த்தால் ஆன்டி பையிலிருந்து ஆரஞ்சு எடுத்துக் கொடுப்பார். அவர்கள் பேசுவது ஹொக்கியன், கொஞ்சம் மாண்டரின். எனக்கு இரண்டும் வராது. கீழ்மாடி மாணவர் ஒருவர் எனக்காக மாண்டரினில் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதைப் படித்ததும் அவர்கள் பயந்துவிட்டார்கள். தரை ஓட்டை உடைக்க வேண்டும், வேலை முடியும்வரை குளியலறை கிடையாது, செலவு எவ்வளவு ஆகுமோ என்று பயம். அந்த வயதில் யாருக்குத்தான் இருக்காது? பாதிச் செலவுக்கு உதவி உண்டு என்று நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், நான் யார்? அலுவலக அட்டை மாட்டிய ஒருவர் வந்து அவர்கள் மொழியில் சொன்னால் நம்புவார்கள். இப்போது ஆன்டி என் மனைவியைப் பார்த்தால் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருக்கிறார். போன மாதம் தாழ்வாரத்தில் ஒருவர், "இந்தியர்கள் வந்தாலே புகார்தான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எங்கள் உறவினர் ஒருவரோ, "சீனர் வீடு என்பதால்தான் அதிகாரி தொடமாட்டேன் என்கிறார்" என்று கொதிக்கிறார். இரண்டுமே பொய். இது நீர்த்தடுப்புப் பூச்சு தேய்ந்த விஷயம், வேறு ஒன்றும் இல்லை. தாங்கள் ஆள் அனுப்பாமல் நாள் கடத்தக் கடத்த, குளியலறைத் தரை விஷயம் இரண்டு இனத்தார் விஷயமாக மாறிக்கொண்டு வருகிறது. இந்தப் பேட்டையில் அப்படி ஆக விடலாமா?

சமூக சமரச நிலையத்துக்குப் போவது பற்றியும் யோசித்தேன். எங்களுக்குள் சண்டையே இல்லையே, எதைச் சமரசம் செய்வது?

5. ஆள் அனுப்புங்கள் ஐயா.

நான் கேட்பது பெரிதல்ல. வாடகைக்காரன் கொடுக்கும் புகாரை அவன் பெயரிலேயே பதிந்துகொண்டு, ஓர் ஆய்வாளர் வந்து இரண்டு வீட்டையும் பார்க்க வேண்டும். மாண்டரின் அல்லது ஹொக்கியன் பேசக்கூடியவராக இருந்தால் மிகவும் நல்லது. மேல்வீட்டுப் பெரியவர்களிடம் திட்டத்தையும் செலவையும் உட்கார்ந்து விளக்க வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் அவர்கள் எங்கள் குளியலறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம், எங்களுக்குச் சம்மதம். மக்சிக்கும் அதையே சொல்லியிருக்கிறார். உரிமையாளருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து எழுத்தில் ஓர் அறிவிப்புப் போக வேண்டும். எங்கள் செய்திக்குப் பதில் சொல்லாதவர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2015 சட்ட அதிகாரத்தை அந்த முதியவர்கள் மேல் பயன்படுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, அது வேண்டவும் வேண்டாம். வந்து கதவைத் தட்டினால் போதும், திறப்பார்கள்.

உட்கூரையில் வர்ணம் பூசிவிட்டுப் போகும் வேலை மட்டும் வேண்டாம். உரிமையாளர் முன்பு ஒருமுறை அப்படித்தான் செய்தார், சில வாரத்தில் உரிந்து விழுந்துவிட்டது.

கூரைப் படங்கள், விழுந்த காங்கிரீட் துண்டின் படம், மருத்துவர் குறிப்பு, முத்திரைத் தீர்வைச் சான்று, முன்பு அனுப்பிய புகார்களின் நகல்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். என் மனைவி பகல் முழுக்க வீட்டில் இருப்பாள். விடியற்காலை ஐந்து மணிக்கு வர முடிந்தால் சொட்டுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முடியாவிட்டால் எந்த நேரம் வந்தாலும் சரி. தயவுசெய்து இந்த மனுவையும் 'முடிக்கப்பட்டது' என்று மூடிவிடாமல், ஆள் அனுப்பி ஆவன செய்யும்படி மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வாடகைக் குடியிருப்பாளர்
(கையொப்பமும் தொடர்பு விவரமும் இணைப்புத் தாளில்)