மேட்டூர் அணையின் உண்மையான கொள்ளளவு என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு ஆகியவற்றைத் தங்கள் நாளிதழ் அன்றாடம் வெளியிட்டு வருகிறது. டெல்டாவில் குறுவை நெல் போடலாமா, விதைநெல்லை மூட்டையிலேயே வைத்திருக்கலாமா என்பதை அந்தச் சில வரிகளை வைத்துத்தான் எங்களைப் போன்றோர் முடிவு செய்கிறோம்.

1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் 120 அடிக்கு நீர் நின்றால் இருப்பு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) என்று இன்றும் கணக்கிடப்படுகிறது. அணை கட்டிய காலத்துக் கொள்ளளவும் அதுவே. தொண்ணூறு ஆண்டுகளாகக் காவிரியும், நீர்த்தேக்கத்தில் வந்து சேரும் தொப்பையாறு போன்ற ஆறுகளும் கொண்டுவந்த வண்டல் எங்கே போயிற்று? ஆற்றின் வேகம் அடங்கும் இடத்தில் அது படிந்துகொண்டே இருக்கிறது. நீர் வடியும் ஆண்டுகளில் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைப் படம் எடுத்துப் போடும் நாம், அவற்றைச் சுற்றிக் கிடக்கும் வண்டலை உற்றுப் பார்ப்பதில்லை.

விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்தால் தீர்ந்துபோவது 1 டிஎம்சி. கணக்கில் மட்டும் இருந்து, அணையில் இல்லாத ஒவ்வொரு டிஎம்சியும், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்காலில் ஒரு நாள் தண்ணீர் இல்லை என்பதாகும். ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28 வரை நீர் விடும் வழக்கம் எத்தனையோ ஆண்டுகளில் தவறியதற்குக் கர்நாடகத்திலிருந்து உரிய நீர் வராததே முதற்காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நமக்குக் கிடைக்க வேண்டிய 177.25 டிஎம்சிக்காக வாதாடும் நாம், வெள்ளம் வரும் ஆண்டில் வந்ததைத் தேக்க இடமில்லாமல் அணையின் உபரிநீர் வெளியேறும் பதினாறு கண் மதகு வழியாகக் கொள்ளிடத்துக்கும் கடலுக்கும் அனுப்புவது எந்த வகையில் பொருந்தும்?

பாசனத்துக்குத் திறக்கும் நீர்தான் அணை மின்நிலையத்தின் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையத்தின் 200 மெகாவாட் இயந்திரங்களையும் சுழற்றுகிறது. இருப்பு குறைந்தால் மின்சாரமும் குறையும்.

பழைய கட்டுமானங்களைக் கவனியாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2018 ஆகஸ்டில் திருச்சி அருகே முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது கண்டோம். மேட்டூரில் 2017 கோடையில் தூர்வாரும் பணி தொடங்கியபோது மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். எனினும் கரையோரத்தில் நீர் வற்றிய இடங்களில் உழவர்கள் வண்டியில் அள்ளிச் செல்லும் மண், இவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்துக்குப் போதாது.

எனவே நீர்வளத் துறை நீர்த்தேக்கத்தின் அடிப்பரப்பை முழுமையாக அளந்து, அடிக்கு அடி புதிய கொள்ளளவு அட்டவணையை வெளியிட வேண்டும். அதன் பிறகு தங்கள் நாளிதழ் நாள்தோறும் அச்சிடும் நீர் இருப்பு, அந்தப் புதிய அட்டவணையின்படி இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டெல்டா விவசாயி ஒருவர்,
மன்னார்குடி.