வார்டுக்கு வெளியே நிற்பவர்களின் நாவல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சமீபத்தில் படித்த நாவல்கள் என்ன, அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்று சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தவரை வாரப் பத்திரிகைத் தொடர்கதையைத் தாண்டி எதையும் படிக்க நேரம் இருந்ததில்லை. நாவல்களை இப்போதுதான் ஆற அமரப் படிக்கிறேன்.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலைக் கொண்டுவந்து கொடுத்தவர் என் தம்பி மனைவி. “ஆஸ்பத்திரிக் கதை, உங்களுக்குப் பிடிக்கும் அண்ணி” என்றார். எனக்கு அதுதான் பயமே. நம் சினிமாவிலும் தொடர்கதையிலும் ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் வெளியே வருவார், கண்ணாடியைக் கழற்றுவார், தலையை ஆட்டுவார், எல்லோரும் அழுவார்கள், முடிந்தது. இந்த நாவல் அப்படி இல்லை. இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தலைமையாசிரியரான அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. ஒருநாள் அவள் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோகப்படுகிறாள். இதெல்லாம் சீக்கிரமே நடந்துவிடுகிறது. மீதி நாவலில் பெரும்பகுதி தீக்காய வார்டும் அதற்கு வெளியே நிற்கும் சொந்தபந்தங்களும்தான்.

தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே வந்ததும் முதல் கேள்வி “எத்தனை பர்சன்ட்?” என்பதுதான், அதாவது உடம்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெந்திருக்கிறது என்று. ஒரு கை முழுக்க வெந்திருந்தால் 9, ஒரு கால் 18, மார்பும் வயிறும் சேர்ந்து 18, முதுகு 18, தலைக்கு 9 என்று கண்ணாலேயே கூட்டிவிடுவோம். கூட்டுத்தொகை பெரிதாக இருந்தால் எங்களுக்கு விஷயம் புரிந்துவிடும், வீட்டாருக்குப் புரியாது. ஏனென்றால் வந்த முதல் சில மணி நேரம் நோயாளி நன்றாகப் பேசுவார். தண்ணீர் கேட்பார், பிள்ளை சாப்பிட்டானா என்று விசாரிப்பார். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் போய்விடுவதால் அங்கே வலிகூட அவ்வளவாகத் தெரியாது. மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போவார். “பேசுறாளே சிஸ்டர், பிழைச்சுக்குவாதானே?” என்று அம்மாக்காரி கையைப் பிடித்துக்கொள்வார். இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எந்த நர்ஸிங் வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இமையம் அந்த அம்மாக்காரியின் பக்கத்தில் நின்று எழுதியிருக்கிறார். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று பணத்தோடு நிற்கிற குடும்பம், அந்தப் பணத்தால் ஒன்றும் ஆகாது என்பது தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது, இதை நான் வராந்தாவில் பலமுறை பார்த்திருக்கிறேன். ரவிக்கும் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுத்திருப்பது எனக்குப் பிடித்தது. பேச்சு ரொம்ப நீளம், சொன்னதையே சொல்கிறார்கள் என்று தம்பி மனைவி குறைப்பட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்கள் சொன்னதைத்தான் சொல்வார்கள். முதலில் யார் போன் செய்தது, எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் போனது, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சுற்றிச் சுற்றி அதேதான். வெட்டிச் சுருக்கியிருந்தால் நாவல் வேகமாகப் போயிருக்கும், ஆனால் பொய்யாகப் போயிருக்கும். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இதற்குக் கிடைத்தது. நியாயமான விருது.

அடுத்து, பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வந்த நாவல். இதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்துவிட்டதால் இனி எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: படத்தில் அப்பாதான் எல்லாம், நாவலில் மகன் சிதம்பரம்தான் நடுவில் இருக்கிறான். வயது பதினைந்து. கொலை ஆரம்பத்திலேயே நடந்துவிடுகிறது. அப்புறம் அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சமைக்கலாம், எங்கே படுக்கலாம் என்பதுதான் பேச்சு. கொலை செய்தவனுக்கும் வயிறு பசிக்கும் என்பதை இவ்வளவு அக்கறையோடு எழுதிய இன்னொருவரை நான் படித்ததில்லை. முடிவு முன்பே தெரிந்திருந்தும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. “கதையைச் சொல்லிடாதே” என்று பதறுகிற என் மகளுக்கு இதைத்தான் படிக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) இந்த இரண்டுக்கும் நேர் எதிர். வெகுநேரத்துக்குப் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. நொடித்துப்போன பெரிய வீடு, கண்ணப்பச்சி என்று அழைக்கப்படும் தாத்தா, பெரியவளானதும் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும் லிஸ்ஸி, பனையேறும் குடும்பத்துப் பையன் தங்கராஜ். குமரி மாவட்டப் பேச்சு முதல் சில பக்கங்களில் மிரட்டும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். எனக்கு அந்தச் சிரமமும் இல்லை, நர்ஸிங் ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவர்கள் அந்தப் பக்கத்துப் பெண்கள். கடைசிப் பகுதியில் சம்பவங்கள் அடுத்தடுத்து வந்து குவிவது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அதுவரை இருந்த நிதானத்தை ஏன் விட்டார் என்று தோன்றியது.

சரி, அடுத்து என்ன? பூமணியின் ‘அஞ்ஞாடி’. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். படுத்துக்கொண்டு படித்தால் மூக்கு உடையும், மேசையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். மழைக்காலத்தில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’. நேரில் போய் மக்களோடு பழகிவிட்டு எழுதியவர் அவர். உப்பளத்தில் வேலை செய்தவர்களின் கால் புண்களைப் பார்த்தவள் என்பதால் அதை எப்படி எழுதியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவர் உயிரோடு இருக்கும்போதே நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ மூன்றாவது. ‘பொன்னியின் செல்வ’னை மறுபடியும் படிக்கச் சொல்லி வீட்டில் ஒரு கோஷ்டி இருக்கிறது. இந்த வருஷம் வந்தியத்தேவன் குதிரையில் தனியாகவே போகட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நூல் அறிமுகப் பகுதியில் புதுப் புத்தகங்களோடு பழைய நாவல்களின் மறுபதிப்புகளுக்கும் மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். விலை, பக்கங்களோடு எழுத்து எந்த அளவில் அச்சாகியிருக்கிறது என்பதையும் ஒரு வரி போடுங்கள். என் வயதுக்காரர்கள் கடையில் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டு வருவது பெரும்பாலும் அதனால்தான்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
கடலூர்.