சாப்பாடு சொல்ற அம்மா கையில எதுக்கு போன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் கடிதம் பகுதியில ஒரு பெரியவர் எழுதியிருந்தாரு, ஆஸ்பத்திரியில யாரைப் பாத்தாலும் போனை நோண்டிக்கிட்டு இருக்காங்க, நர்சு நோண்டுது, கவுண்டர்ல இருக்கற பையன் நோண்டுறான், கடைசியில சாப்பாடு சொல்ல வர்ற அம்மா கூட பேஷன்ட் முகத்தைப் பாக்காம போனைப் பாத்துக்கிட்டே பேசுதுன்னு. அந்த கடைசி வரி என்னைக் குத்திடுச்சு. நான் கடலூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில டயட்டீஷியனா 19 வருஷமா இருக்கேன், அந்த சாப்பாடு சொல்ற அம்மா நானில்லன்னாலும் என் கூட்டம்தான், அதனால பதில் எழுதலாம்னு உக்காந்தேன்.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன், முகத்தைப் பாக்காம பேசினா தப்புதான். அதுல ரெண்டாவது பேச்சு இல்ல.

ஆனா கையில அது எதுக்குன்னு கேட்டா சொல்றதுக்கு நிறைய இருக்கு. நான் வேலைக்கு சேந்தப்போ எங்ககிட்ட இருந்தது எந்த சாப்பாட்டுல என்ன சத்து எவ்ளோன்னு சொல்ற ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட பழைய புத்தகம் ஒண்ணு, கோபாலன் எழுதினது, 1971ல இருந்து திரும்பத் திரும்ப அச்சு போட்டு வந்தது, அப்புறம் ஒரு கால்குலேட்டர், கார்பன் வச்சு எழுதற டயட் சார்ட். ரவுண்ட்ஸ்ல டாக்டர் திடீர்னு இவருக்கு பொட்டாசியம் எவ்ளோ போகுதுன்னு கேட்டா ரூமுக்கு ஓடி புத்தகத்தைப் புரட்டி எழுதிக்கிட்டு வர்றதுக்குள்ள அவர் ரெண்டு வார்டு தாண்டி போயிருப்பாரு. எங்க சீனியர் மேடம் ஒருத்தங்க வெளிநாட்டுல இருக்கற தம்பிகிட்ட சொல்லி பாம் பைலட்னு ஒண்ணு வாங்கியாந்தாங்க, உள்ளங்கை அளவு குட்டி கம்ப்யூட்டர், குச்சி மாதிரி ஒரு பேனாவால தொட்டு எழுதணும். 1996லயே வந்த சாமான் அது, எங்க ஊருக்கு வரும்போது கிழடாயிடுச்சு. அதுல அவங்க நம்ம ஊரு சாப்பாட்டோட கணக்கையெல்லாம் ஒண்ணொண்ணா ஏத்தி வச்சாங்க. ஒரு நாள் பேட்டரி சுத்தமா தீந்து போச்சு, ஏத்தினது பூரா அழிஞ்சு போச்சு. அந்த பழைய மாடல்ல அப்படித்தான், பேட்டரி செத்தா நெனப்பும் செத்துடும். மேடம் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.

இப்போ 2017ல அதே நிறுவனம் புது அட்டவணை போட்டிருக்காங்க, 528 உணவு, நாட்டுல பல பகுதியில இருந்து சாம்பிள் எடுத்து சோதிச்சது, தமிழ்ப் பேரும் இருக்கும். அது என் போன்ல இருக்கு. டயாலிசிஸ் பேஷன்ட் ஒருத்தர், தேவனாம்பட்டினத்து மீனவர், இன்னாமா நான் பேசிக்கினே இருக்கேன் நீ போனை நோண்டினு இருக்கியேன்னு கோவப்பட்டாரு. அவர் கேட்ட கேள்வி என்னன்னா எந்த மீன் தின்னலாம், கருவாடு ஒரு துண்டு பரவால்லயா, எளநி குடிச்சா சூடு தணியுமேன்னு. நான் தேடினது அதுக்குத்தான். போனை அவர் பக்கம் திருப்பி காட்டுனேன், இந்தா பாருங்கண்ணா, எளநியில பொட்டாசியம் இவ்ளோ, உங்க கிட்னி அதை வெளியே தள்ளாது, ரத்தத்துல ஏறினா நெஞ்சுத் துடிப்பையே குழப்பிடும், கருவாட்டுல உப்பு, உப்பு தாகத்தைக் கிளப்பும், நீங்க குடிக்கற தண்ணிக்கோ அளவு இருக்குன்னு. அப்புறம் காயை நறுக்கி நெறய தண்ணியில ஊறவச்சு, வேகவச்ச தண்ணியையும் கொட்டிட்டு செய்யச் சொல்லி அவர் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அன்னையில இருந்து அவர் என்னைப் பாத்தா முதல்ல கேக்கறது போன் எடுத்தாந்தியாம்மான்னுதான். நான் சொல்ல வர்றது இதுதான், அந்த திரையை நமக்குள்ளயே வச்சுக்கிட்டா அது நோண்டறது, பேஷன்ட் பக்கம் திருப்பினா அது வேலை.

புத்தகம் கையில வந்துட்டா மட்டும் போதாதுன்னும் சொல்லணும். ட்ரெய்னிங்குக்கு வந்த ஒரு பாப்பா ஒரு நாள் மூச்சு வாங்க ஓடி வந்து, மேடம் அந்த தாத்தா ஒரு நாளைக்கு ஏழாயிரம் கலோரி சாப்பிடறாரு மேடம்னு சொன்னுச்சு. தாத்தா எலும்பும் தோலுமா கெடக்கறாரு, எங்க ஏழாயிரம். பாத்தா, புது அட்டவணையில எனர்ஜி கிலோ ஜூல்ல போட்டிருக்கும், பச்சரிசி 100 கிராமுக்கு 1491ன்னு இருக்கும், அதை 4.18ஆல வகுத்தாதான் நமக்குப் பழக்கமான 356 கலோரி வரும், பாப்பா வகுக்காம அப்படியே கூட்டிடுச்சு. இன்னொரு குழியும் இருக்கு, அந்த கணக்கெல்லாம் சமைக்காத அரிசிக்கு. 100 கிராம் அரிசி வெந்தா 250, 300 கிராம் சோறாயிடும். வெந்த சோத்தோட எடையை எடுத்துக்கிட்டுப் போய் அரிசி வரியில போட்டா கணக்கு ரெண்டரை மடங்கு, மூணு மடங்கு. போன் தப்பா சொல்லல, கேட்ட நாமதான் தப்பா கேட்டோம்.

இதுக்கே இப்படின்னா, பேஷன்ட்டுங்க தானா இறக்கிக்கிட்டு வர்ற கலோரி ஆப்புங்களை என்ன சொல்ல. வெளிநாட்டு ஆப்ல ஒரு கப்னா 240 மில்லி, நம்ம வீட்டுல கப்னா காபி டம்ளரா, பாயாச கிண்ணமா, யாருக்குத் தெரியும். இட்லி ஒண்ணுன்னு போட்டா ஒரு நம்பர் வரும். எங்க ஆஸ்பத்திரி கேண்டீன் இட்லியை நான் தராசுல வச்சுப் பாத்திருக்கேன், 42 கிராம், எங்க மாமியார் ஊத்தற இட்லி 70 கிராம். ரெண்டும் ஒண்ணா? கடலூர் ஓ.டி. பக்கம் மீன் வாங்கறவங்க சங்கரா, கவலை, நெத்திலின்னு சொல்லுவாங்க, ஆப்பு ஃபிஷ்ஷுன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடும். ஐதராபாத்காரங்களே 2019ல நியூட்ரிஃபை இந்தியா நவ்னு ஒரு ஆப் விட்டாங்க, நம்ம நாட்டு சாப்பாடு வச்சு செஞ்சது, அதைப் பாக்கறவங்களுக்காவது ஒரு அடிப்படை கிடைக்கும். மத்தபடி எடை குறைக்கணும்னு வர்றவங்ககிட்ட ஆப்பை அழிச்சுட்டு வாங்கன்னுதான் நான் சொல்றது, சிலர் முறைப்பாங்க, பரவால்ல.

நான் அதை விட நம்பறது போட்டோவை. நேத்து காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கறதுதான் எங்க முறை, அதுல எல்லாரும் மறக்கறது காபியும் நொறுக்குத்தீனியும். பண்ருட்டி பக்கத்துல முந்திரி உடைக்கற வேலைக்குப் போற ஒரு அக்கா சுகருக்கு வந்தாங்க, சாப்பாடு கணக்கு சுத்தமா இருக்கு, எடை மட்டும் ஏறுது. மூணு நாளைக்கு வாயில போறது எதுவா இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புக்கான்னு சொன்னேன், பக்கத்துல ஒரு பத்து ரூபா காயின் வச்சு எடுக்கச் சொன்னேன், அளவு தெரியணுமில்ல. மூணாவது நாள் உடைஞ்ச பருப்பு ஒரு கைப்பிடி வந்துச்சு, இதெல்லாமா சாப்பாட்டுல சேரும்னு கேட்டு கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். முந்திரி 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை கைப்பிடின்னா பாத்துக்குங்க. போட்டோவுக்கும் தெரியாத விஷயம் உண்டு, குழம்புல எவ்ளோ எண்ணெய், சோத்துக்கு அடியில என்ன ஒளிஞ்சிருக்கு, அதெல்லாம் வாயால கேட்டுத்தான் தீரணும்.

கைமேல ஒட்டிக்கற சுகர் சென்சார் தெரிஞ்சிருக்கும், மேல் கையில ஒட்டுவாங்க, 14 நாள் வரைக்கும் இருக்கும், போனைக் கிட்ட கொண்டு போனா சுகர் கோடு மாதிரி ஏறி இறங்கறது தெரியும். சில ஆயிரம் ஆகும், எல்லாருக்கும் சொல்ல முடியாது. நெல்லிக்குப்பத்துல இருந்து வர்ற ஒரு ரிட்டயர்டு சாருக்கு டாக்டர் போட்டு விட்டாரு. அவர் பத்து வருஷமா கேழ்வரகு கூழ் குடிச்சா சுகர் ஏறாதுன்னு சத்தியம் பண்றவரு, நானும் சொல்லி அலுத்துட்டேன். கூழ் குடிச்சு முக்கா மணி நேரத்துல அந்த கோடு ஏறினதைப் பாத்துட்டு அவரே போன் பண்ணாரு. இப்போ அதே கேழ்வரகை ரொட்டியா தட்டி கீரையும் கொஞ்சம் மீனும் வச்சு சாப்பிடறாரு, கோடு அவ்ளோ ஏறலியாம். என் பத்து வருஷப் பேச்சை ஒரு கோடு ஜெயிச்சுடுச்சு, கொஞ்சம் வயித்தெரிச்சல்தான்.

கிராமத்துப் பக்கம் அங்கன்வாடி டீச்சருங்களும் 2021ல இருந்து போஷன் ட்ராக்கர்ங்கற அரசாங்க ஆப்ல புள்ளைங்களோட எடை உயரத்தை போன்லதான் ஏத்தறாங்க, ஏத்தினதும் குழந்தை வயசுக்கேத்த வளர்ச்சியில இருக்கா இல்லையான்னு காட்டிடும், முன்ன மாதிரி சார்ட்டுல புள்ளி வச்சு கோடு இழுக்க வேண்டாம். ஆனா ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள புள்ளைக்கு மேல் கைச் சுத்தளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ போனா கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுன்னு அர்த்தம், அதை அளக்கறதுக்கு வேணும்கறது ஒரு டேப்பு, அதை இறுக்காம தொங்காம பிடிக்கத் தெரிஞ்ச கை. தப்பா அளந்ததை எந்த போன்ல ஏத்தினாலும் தப்புதான்.

இப்போ என் தப்பு ஒண்ணு சொல்றேன், பெரியவர் சிரிச்சுக்கட்டும். ஆஸ்பத்திரியில எங்களுக்குன்னு தனி டேப்லட் கிடையாது, சொந்த போன்தான், சொந்த டேட்டாதான். ஒரு ராத்திரி பேஷன்ட்டோட கிட்னி ரிப்போர்ட் போட்டோவை டாக்டருக்கு அனுப்பறதா நெனச்சு எங்க குடும்ப குரூப்ல போட்டுட்டேன். மாமியார் கேட்டாங்க, யாரும்மா இது கிரியாட்டினின் 6.2ன்னு போட்டிருக்கே, நம்ம சொந்தத்துலயான்னு. பேர் தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும், நல்ல வேளை மேல் பாதி கட்டாயிருந்துச்சு. 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துடுச்சு, நாங்க இன்னும் புள்ளைங்க கேம் ஆடற போன்ல அடுத்தவங்க ரத்தப் பரிசோதனையை வச்சுக்கிட்டு இருக்கோம். அதே போன் ஐசியூவுக்குள்ள போகுது, டயாலிசிஸ் ரூமுக்குப் போகுது, அப்புறம் வீட்டு டைனிங் டேபிளுக்கு வருது. கையைக் கழுவறோம், போனை யாரு கழுவறா? நான் ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கறேன், எத்தனை பேர் செய்யறாங்கன்னு தெரியல. நிர்வாகங்கள் டிவி, ஏசி, கண்ணாடி ரிசப்ஷன்னு செலவு பண்றப்போ வார்டுக்கு ஒரு டேப்லட், அது வார்டை விட்டு வெளிய போகக்கூடாதுன்னு ஒரு ரூல், இவ்ளோ போட்டா போதும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சே, அப்புறம் தென்பெண்ணை வேற பொங்கி வந்துச்சு, அப்போ நெட்டும் இல்ல டவரும் இல்ல. என் டயட் சார்ட்டுங்க பாதி இணையத்துல. மூக்கு வழியா ட்யூப்ல கஞ்சி போற ஒருத்தருக்கு மணிக்கு எவ்ளோ மில்லின்னு பாக்கணும், போன் சுத்திக்கிட்டே இருக்கு. கடைசியில எங்க சீனியர் மேடம் ரிட்டயர் ஆகும்போது லேமினேட் பண்ணி குடுத்துட்டுப் போன அட்டையை அலமாரியில இருந்து எடுத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல கிலோவுக்கு இத்தனை கலோரின்னு கையால கணக்கு போட்டேன். பாம் பைலட்ல பட்டவங்க, அதான் அட்டை போட்டு வச்சிருக்காங்க. அதனால ஆப் செய்யறவங்க நெட் இல்லாமலும் ஓடற மாதிரி செய்யணும், கடலோரத்துல இருக்கறவங்களுக்கு இது ஆடம்பரமில்ல.

செய்யறவங்கன்னு சொன்னதும் ஒண்ணு கேக்கணும்னு தோணுது. புதுச்சேரியிலயும் சிதம்பரத்துலயும் கம்ப்யூட்டர் படிக்கற புள்ளைங்க வருஷா வருஷம் ப்ராஜெக்டுக்கு தலைப்பு தேடி அலையறாங்க. உழக்கு, கரண்டி, டம்ளர், சுளை, துண்டுன்னு நம்ம அளவுல கேட்டா நம்ம சாப்பாட்டோட கணக்கை தமிழ்ல சொல்ற, நெட் வேண்டாத, விளம்பரம் வராத ஒரு சின்ன ஆப் செய்ய முடியுமா? எங்கிட்ட ஆறு நோட்டு இருக்கு. 19 வருஷமா கேண்டீன்லயும் வீட்டுலயும் கல்யாண வீட்டுலயும் தராசு வச்சு அளந்தது, பலாச்சுளை கொட்டையோட எவ்ளோ கொட்டை இல்லாம எவ்ளோ, குழம்புக் கரண்டி எவ்ளோ பிடிக்கும், ரேஷன் அரிசி வெந்தா எவ்ளோ பொங்கும், எல்லாம் எழுதி வச்சிருக்கேன். கேட்டு வர்றவங்களுக்கு சும்மாவே தரேன், நோட்டை மட்டும் திருப்பிக் குடுத்துடணும்.

இப்படிக்கு,
ஒரு டயட்டீஷியன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.