பர்னியின் தந்தைக்கு அந்த நாவல் தெரியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில நாவலின் தொடக்க காலம் குறித்துத் தங்கள் சென்ற இதழில் வந்த நீண்ட கட்டுரையைப் படித்தேன். டீஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங், ஸ்டெர்ன் நால்வருக்கும் படத்தோடு தனித்தனிப் பகுதி கொடுத்திருக்கிறீர்கள். அதே 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய பெண் நாவலாசிரியர் பிரான்செஸ் பர்னிக்கு ஒரே ஒரு வாக்கியம். இசை வரலாற்றாசிரியரான தந்தை சார்லஸ் பர்னி கொடுத்த ஊக்கத்தால் 'எவலினா' நாவலை வெளியிட்டார் என்று அது சொல்கிறது. இடம் போதவில்லை என்றால் புரிந்துகொள்வேன். ஒரு வாக்கியம்தான் என்றால் அந்த ஒன்றாவது உண்மையாக இருந்திருக்க வேண்டும்.

1778 ஜனவரியில் 'எவலினா' வெளிவந்தபோது அதன் அட்டையில் ஆசிரியர் பெயர் கிடையாது. ஏதோ ஒன்றை அச்சில் கொண்டுவரப் போகிறேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லியிருந்தார் பர்னி. அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். என்ன புத்தகம், என்ன தலைப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தந்தையின் இசை வரலாற்றைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்துக் கொடுத்தவர் இந்த மகள்தான். அதனால் அச்சகத்தாருக்குத் தன் கையெழுத்து பழகியிருக்கும் என்று பயந்தார். பகலெல்லாம் அப்பாவுக்குப் படியெடுத்துவிட்டு, இரவில் கண் விழித்து, தன் நாவலை வேறு கையெழுத்தில் எழுதினார். டாட்ஸ்லி என்ற பதிப்பாளர், பெயர் சொல்லாதவரின் கையெழுத்துப் படியைப் பார்க்கவே மறுத்துவிட்டார். பிறகு தம்பி சார்லஸ் வேறு பெயரில், மாறுவேடத்தில் லவுண்ட்ஸ் என்ற இன்னொரு பதிப்பாளரிடம் கொண்டுபோனான். கடிதங்கள் ஒரு காபிக் கடை முகவரிக்கு வந்தன. உரிமைக்குக் கிடைத்தது 20 கினி, அதாவது 21 பவுண்டு. ஜூன் மாதத்தில், விமர்சனங்கள் வந்து ஊரே பேசத் தொடங்கிய பிறகுதான், அது தன் மகள் எழுதிய நாவல் என்று தந்தைக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவர் பெருமைப்பட்டார், அதை நான் மறுக்கவில்லை. புத்தகம் வந்தபின் பட்ட பெருமையைப் புத்தகத்தை வரவைத்த ஊக்கமாக உங்கள் கட்டுரை மாற்றியிருக்கிறது.

இதற்கும் முன்னால் நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. பதினைந்து வயது நிறைந்த நாளில், அதுவரை எழுதிய அத்தனையையும் அந்தப் பெண் தன் கையாலேயே நெருப்பில் போட்டாள். கதை எழுதுவது நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அழகல்ல என்ற பேச்சு அந்த வீட்டிலும் இருந்தது. சாம்பலானவற்றில் 'கரோலின் எவலின்' என்ற முழு நாவலும் ஒன்று. அதன் நாயகியுடைய மகள்தான் பின்னாளில் வந்த எவலினா.

'எவலினா'வின் வெற்றிக்குப் பிறகு நாடகம் எழுதச் சொல்லி நாடகாசிரியர் ஷெரிடன் போன்றவர்களே கேட்டார்கள். 1779-இல் 'தி விட்லிங்ஸ்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதி முடித்தார். படித்த சீமாட்டிகளின் வட்டத்தை அது கேலி செய்தது. செல்வாக்குள்ளவர்கள் மனம் கோணுவார்கள் என்று தந்தையும் குடும்ப நண்பர் சாமுவேல் கிரிஸ்பும் சேர்ந்து அதைப் பெட்டிக்குள் வைக்கச் செய்தார்கள். அது அச்சேறியது 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அரங்கத்துக்குப் போகவிருந்த இன்னொரு நாடகத்தையும் 1800-இல் தந்தையின் விருப்பத்துக்காகத் திரும்பப் பெற்றார். ஊக்கம் என்ற சொல்லை இங்கே யாருக்குக் கொடுப்பது, ஐயா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நானும் கல்லூரி நாட்களில் வார இதழ்களுக்குக் கதை அனுப்பியவள். வீட்டுக்குப் பதில் வந்தால் அப்பா பிரித்துவிடுவார் என்று தோழியின் முகவரி கொடுப்பேன். ஒரு கதை வெளியாகி, உறவினர் ஒருவர் இதழைக் கொண்டுவந்து காட்டியபோது வீட்டில் அடுப்பே எரியவில்லை. அப்பா என்னோடு பேச வெகுநாள் ஆயிற்று. பல வருஷங்கள் கழித்து, நான் ஓய்வு பெற்ற விழாவில் பேசிய ஒருவர், தந்தையின் ஊக்கத்தால் எழுத வந்தவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வழக்கம், அவ்வளவுதான். மேடையில் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அதே வாக்கியத்தை உங்கள் இதழில் பர்னியின் பெயரோடு பார்த்தபோது இந்த முறை பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் ஆங்கிலம் கற்பித்த கல்லூரியில் 'பமேலா'வும் 'டாம் ஜோன்ஸ்'ஸும் பாடமாக இருந்தன. 'எவலினா'வைச் சேர்க்கலாம் என்று பாடத்திட்டக் கூட்டத்தில் கேட்டேன். ஜேன் ஆஸ்டின் இருக்கிறாரே, பெண்ணுக்கு ஒரு ஆள் போதும் என்றார்கள். அந்த ஆஸ்டின் யாரைப் படித்து வளர்ந்தார்? பர்னியின் 'கமிலா' 1796-இல் முன்பதிவு முறையில் வெளிவந்தபோது, சந்தாதாரர் பட்டியலில் ஸ்டீவன்டன் ஊரைச் சேர்ந்த இருபது வயது ஜே. ஆஸ்டின் பெயர் இருக்கிறது. ஆஸ்டினின் மிகப் புகழ்பெற்ற நாவலின் தலைப்பான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்ற சொற்கள் 1782-இல் வந்த பர்னியின் 'செசிலியா'வின் கடைசி அத்தியாயத்தில் பெரிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. நாவல் என்ற வடிவத்தைப் பாதுகாத்து ஆஸ்டின் எழுதும் இடத்திலும் 'செசிலியா', 'கமிலா' இரண்டையும் பெயர் சொல்லியே போற்றுகிறார். கடனை அவர் மறைக்கவில்லை. நாம்தான் மறைக்கிறோம்.

பர்னியின் அரண்மனை வேலையையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. 1786-இல் சார்லட் அரசியின் உடைகளைக் கவனிக்கும் பணி, வருஷத்துக்கு 200 பவுண்டு. தந்தைக்கு அது பெரிய கௌரவம். மகளுக்கோ காலை ஆறு மணிக்கு எழுந்து, மணி அடித்தபோதெல்லாம் ஓடி, நள்ளிரவு வரை காத்திருக்கும் சேவகம். இரண்டு வெற்றி நாவல்களை எழுதிய கை ஐந்து வருஷம் அரசியின் உடையைத் தயார் செய்தது. உடம்பு கெட்ட பிறகே 1791-இல் விடுதலை கிடைத்தது. மகளை அங்கே அனுப்பியதற்காகத் தந்தையை 1843-இல் கடுமையாகக் குற்றம் சாட்டியவர் மெக்காலே. இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்காக வாதாடிய அவருடைய கல்விக் குறிப்பின் மேல் எனக்கு எத்தனையோ வருத்தம் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவர் நியாயம் பேசினார். 1814-இல் பர்னியின் கடைசி நாவல் 'தி வாண்டரர்' வந்தபோது, எவலினாவுக்கு வயதாகி அழகு போய்விட்டது என்ற தோரணையில் அதை விமர்சித்தவர் குரோக்கர் என்ற இதழ் விமர்சகர். பின்னாளில் பிறப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்து பர்னியின் வயதைக் காட்டியவரும் அவரே. எந்த ஆண் நாவலாசிரியரின் வயதுக்காகப் பதிவேடு புரட்டினார்கள்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில காலம் முன்பு நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரே பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். போர்க்களத்தில் காயம்பட்டவர்களை விரைந்து எடுத்துச் செல்ல அவர் அமைத்த 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்ற குதிரை வண்டிகள் பற்றி விரிவாக இருந்தது. 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், கருப்பு உடை அணிந்த ஏழு ஆண்கள் சூழ, அதே லாரே அகற்றிய மார்பகம் பிரான்செஸ் பர்னியுடையது. அதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. மயக்க மருந்து வருவதற்கு முப்பது வருஷத்துக்கும் மேலிருந்த காலம். குடிக்க ஒயின் கலந்த பானம், முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டை, அவ்வளவே. கைக்குட்டை வழியே கத்தியின் பளபளப்பைப் பார்த்தார். கணவர் தாங்க மாட்டார் என்று அவரை அந்த நேரம் வீட்டில் இல்லாதபடி தானே ஏற்பாடு செய்திருந்தார். பல மாதங்கள் கழித்து அக்கா எஸ்தருக்கு அனைத்தையும் கடிதமாக எழுதினார். எழுதியதைத் திரும்பப் படிக்க அவரால் முடியவில்லை.

எனக்கும் அதே அறுவைச் சிகிச்சை நடந்தது. எனக்கு மயக்க மருந்து இருந்தது, நல்ல மருத்துவர் இருந்தார். ஆனால் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட அந்த உறுப்பின் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆபரேஷன் எப்படி இருக்கிறது என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்கள். அந்த நாட்களில் என்னோடு நேராகப் பேசியது 1812-இல் முடித்த அந்தக் கடிதம்தான். வலித்தது, அலறினேன், பிழைத்தேன் என்று எதையும் பூசி மெழுகாமல் அது சொன்னது. 1840 ஜனவரியில் தம் 87-ஆம் வயதில்தான் பர்னி இறந்தார் என்பதை அப்போது பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தங்கள் இதழை நான் மணமாகி வந்த நாளிலிருந்து வாங்குகிறேன். முன்பும் இருமுறை எழுதியிருக்கிறேன். ஒன்று வரவில்லை. மற்றொன்று பாராட்டு வரிகள் மட்டும் இருக்கும்படி சுருக்கப்பட்டு வந்தது. இம்முறை முழுக் கடிதத்தையும் போடச் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் மட்டும் வெளியிடுங்கள்: 'எவலினா' ஆசிரியர் பெயரின்றி, அது தம் மகளின் நாவல் என்று தந்தை அறியாத நிலையில் 1778-இல் வெளிவந்தது. கட்டுரை நூலாகத் தொகுக்கப்பட்டால் அந்த வாக்கியம் மாற வேண்டும் என்று கட்டுரையாளரிடமும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
தஞ்சாவூர்.